எட்டக்கூடிய வளர்ச்சி இலக்கு எழுதுவது எப்படி? (3–5 வயது, நான்கு மாதிரி இலக்குகள், திருத்தம் தேவை)

#1 மரப்பாச்சி
வணக்கம். 22 குழந்தைகள், 3 முதல் 5 வயது வரை கலந்த வகுப்பு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ச்சி இலக்கு எழுதி, கடைசியில் எட்டியதா இல்லையா என்று குறிக்க வேண்டும். எழுதியவற்றில் நான்கை அப்படியே போடுகிறேன். தயவு தாட்சண்யம் வேண்டாம், கிழித்துவிடுங்கள்.

அ (3 வயது 2 மாதம்): சமூகத் திறன் மேம்படும்.
ஆ (3 வயது 8 மாதம்): 10 வரை எண்ணுவான்.
இ (4 வயது): கத்தரிக்கோலைச் சரியாகப் பயன்படுத்துவாள்.
ஈ (4 வயது 1 மாதம்): மற்ற குழந்தைகளை அடிக்காமல் இருப்பான்.

கூடவே இரண்டு கேள்வி. ஒரு குழந்தைக்கு எத்தனை இலக்கு? வயதுப் பட்டியலைப் பார்த்து எழுதுவது சரியா?

#2 அளவுகோல்
நான்குமே இலக்கு இல்லை, ஆசை. எட்டக்கூடியதா என்று கேட்கிறீர்கள். இன்றைக்குக் குழந்தை எங்கே நிற்கிறது என்று நான்கில் ஒன்றிலும் இல்லையே, எதை வைத்துச் சொல்வது?

முதல் வேலை பேஸ்லைன், அதாவது பயிற்சிக்கு முன் குழந்தை நிற்கும் இடத்தை அளப்பது. ஒரு செயலுக்கு ஒரு நாளில் 5 வாய்ப்பு, மூன்று தனித்தனி நாட்கள். மொத்தம் 15. ஒரே நாளில் 15 முறை செய்யச் சொன்னால் ஏழாவது முறைக்குப் பிறகு நீங்கள் அளப்பது திறமையை அல்ல, சலிப்பை. ஒவ்வொரு வாய்ப்பிலும் செய்தான், செய்யவில்லை என்று மட்டும் குறிக்காதீர்கள். எவ்வளவு உதவியோடு செய்தான் என்று எழுதுங்கள். ஆறு எழுத்து போதும்: கை (கைமேல் கைவைத்துச் செய்யவைத்தது), தொ (முழங்கையை லேசாகத் தொட்டுத் தொடங்கிவிட்டது), கா (செய்துகாட்டியது), சை (சைகை), சொ (வாயால் சொன்னது), தா (தானே).

இந்த வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. வாயால் சொல்வது லேசான உதவி என்று எல்லோரும் நினைக்கிறோம். பல குழந்தைகளிடம் விலக்கக் கடினமான உதவி அதுதான். "அடுத்து என்ன?" என்று டீச்சர் கேட்டால்தான் சட்டைப் பொத்தானைத் தொடும் குழந்தைக்கு அந்தக் கேள்வியே வேலையின் ஒரு படியாகிவிட்டது. சைகையையும் படத்தையும் படிப்படியாகக் குறைக்க முடிகிறது. பேச்சை நாமே அறியாமல் சேர்த்துக்கொண்டே போகிறோம். அதனால் உதவுவதற்கு முன் மனதுக்குள் 5 எண்ணுங்கள். இந்தக் காத்திருப்பு இல்லாமல் எடுத்த பேஸ்லைன் உங்களைத்தான் அளக்கும்.

பேஸ்லைன் கையில் இருந்தால் இலக்கு தானாக விழும். எந்தச் சூழலில், என்ன உதவியோடு, என்ன செய்வான், எத்தனைக்கு எத்தனை. இந்த நான்கில் ஆறு வாரத்துக்கு ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். உதவியைக் குறைத்து, பொருளையும் மாற்றி, எண்ணிக்கையையும் கூட்டினால் எட்டாமல் போகும்போது எது காரணம் என்று தெரியாது.

ஈ-க்கு எழுதியது பற்றி ஒரு சொல். நடத்தை அளவீட்டில் ஆக்டன் லிண்ட்ஸ்லி சொன்ன பழைய சோதனை ஒன்று உண்டு: இறந்தவரால் செய்ய முடிகிற ஒன்று நடத்தையே அல்ல. "அடிக்காமல் இருப்பது" பிணத்துக்குக் கைவந்த கலை. குழந்தை என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள்.

#3 புளியங்கொட்டை
ஆ-வின் "10 வரை எண்ணுவான்" என்பதற்குள் மூன்று தனித் திறமைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, ஒப்பிப்பது. பாட்டுப் போல ஒன்று முதல் பத்து. இரண்டு, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டுத் தொட்டு எண்ணுவது. மூன்று, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரிவது. கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் எண்ணுதலுக்குச் சொன்ன ஐந்து விதிகளில் முதல் மூன்று ஏறத்தாழ இவைதாம். இருபது வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "4 கொட்டை கொடு" என்றால் ஒரு கைப்பிடி அள்ளித் தரும். ஏமாற்றமும் வேண்டாம், திருத்தலும் வேண்டாம். 3 வயதில் அது மிகச் சாதாரணம்.

சோதிக்கும் முறை: ஒரே மாதிரிப் பொருட்கள் 12 முதல் 15 வரை ஒரு கிண்ணத்தில், பக்கத்தில் காலித் தட்டு. "தட்டில் 1 வை" என்று தொடங்குங்கள். சரியாக வைத்தால் 2, பிறகு 3. தவறினால் ஒன்று குறைத்துக் கேளுங்கள். ஒரு எண்ணுக்கு மூன்று முறை கேட்டு இரண்டு முறை சரி என்றால் தெரியும் என்று கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு: வேறு எண் கேட்டபோதும் அதையே வைத்திருக்கக் கூடாது. எது கேட்டாலும் 2 வைக்கிற பிள்ளைக்கு 2 தெரியும் என்று குறித்துவிடுவது வழக்கமான பிழை. இன்னொன்று, வைத்து முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்ப்பான். தலையாட்டினால் நிறுத்திவிடுவான். கிண்ணத்தைப் பாருங்கள், முகத்தைக் காட்டாதீர்கள்.

குழந்தைகள் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகத்தான் பொருள் புரிந்து ஏறுகிறார்கள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே பல வாரம் ஆகும், மாதங்களும் ஆகலாம். மூன்று அல்லது நான்கு தாண்டியபின் எண்ணுவதன் சூட்சுமமே பிடிபட்டு ஒரே தாவலில் போய்விடுவார்கள். ஆகவே 2 சரி, 3 தடுமாற்றம் என்றால் ஆறு வார இலக்கு 3. பத்து அல்ல. கேட்கச் சிறியதாக இருக்கும். பெற்றோர் "மூணா?" என்பார்கள். ஒப்பிப்புக்கும் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கிண்ணத்தை வைத்தே அவர்கள் முன் காட்டிவிடுங்கள், பேச்சு மிச்சம்.

#4 வளைகோடு
கத்தரிக்கோல் பகுதியை எடுத்துக்கொள்கிறேன், கைத்திறன் பயிற்சி என் துறை.

"சரியாக" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். படிகள் இவை. திறந்து மூடுவது (இடுக்கியால் பஞ்சு எடுப்பதே போதும்). பிறகு ஒரே வெட்டில் துண்டாகிற பட்டை. பிறகு கத்தரியை மறுபடி திறந்து முன்னே தள்ளி இரண்டு மூன்று வெட்டு. பிறகு நேர்க்கோட்டின் மேல். அதற்கப்புறம் வளைவு, கடைசியில் மூலை திரும்புவது. ஒரு வெட்டுக்கும் தொடர் வெட்டுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம். மூடும்போது முழுதாக மூடாமல் பாதியில் நிறுத்தித் திறக்க வேண்டும், அதே நேரம் இன்னொரு கை தாளை நகர்த்த வேண்டும். இரண்டு கை, இரண்டு வேலை.

பட்டை 2 செ.மீ. அகலம். தாள் தடிமனாக இருக்கட்டும், வாழ்த்து அட்டை அளவுக்கு. மெல்லிய தாள் சுலபம் என்று நினைத்துக் கொடுப்பார்கள். அது இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். பிள்ளை "எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடும்.

பிடி: கட்டைவிரல் ஒரு வளையத்தில், நடுவிரல் மற்றதில், ஆள்காட்டி விரல் வெளியே தாங்கலாக. இரு கட்டைவிரலும் மேல்நோக்கி. உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்தால் முழங்கை இறக்கை மாதிரி வெளியே போகும், வெட்டு கோணும். "கையைத் திருப்பு" என்று பத்து முறை சொல்வதைவிட, பட்டையைப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு மேலே பிடித்துக் கீழிருந்து மேலாக வெட்டச் செய்யுங்கள். கட்டைவிரல் தானாக மேலே வந்துவிடும். பாதம் தரையில் படாத நாற்காலி என்றால் அதையும் சரிசெய்யுங்கள். தொங்கும் கால், ஆடும் உடம்பு, ஆடும் கை.

இ எந்தக் கை? இடக்கை என்றால் இடக்கைக் கத்தரி வேண்டும். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் அழுத்தும் விசை அலகுகளை விலக்குகிறது, மேல் அலகு வெட்டும் கோட்டையும் மறைக்கிறது. இதைத் திறமைக் குறைவு என்று பதிவேட்டில் எழுதியவர்கள் உண்டு.

#5 தாழ்வாரம்
இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. வயதுப் பட்டியலைப் பார்த்து எழுதலாமா? தாராளமாக எழுதலாம். வரைவதில் 3 வயதில் வட்டம், 4-இல் கூட்டல் குறி. 5-இல் சதுரம், முக்கோணம். பட்டியலில் இருப்பதை எட்டவைக்கத்தானே நாம் இருக்கிறோம்?

#6 அளவுகோல்
தாழ்வாரம், அங்கேதான் இடறுகிறது. பட்டியல் எதற்கு என்று பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட உடலியக்கப் படிநிலைகள் ஐந்து நாட்டுக் குழந்தைகளை வைத்து எடுத்தவை. தனியாக நடப்பது எந்த வயதில்? 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. இரண்டு முனையும் நலமான குழந்தைகள். நூற்றில் நான்கு பேர் கையூன்றி முட்டிபோட்டுத் தவழாமலேயே நடந்தார்கள். "12 மாதத்தில் நடக்கும்" என்ற ஒற்றை எண் இந்த அகலத்தை விழுங்கிவிடுகிறது.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியின் பட்டியல் 2022-இல் மாறியது. பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாதிக் குழந்தைகள் செய்கிற வயதைக் காட்டும். இப்போது 75 விழுக்காடோ அதற்கு மேலோ செய்கிற வயது. தவழ்வதை எடுத்தேவிட்டார்கள். ஒரே திறமை இரண்டு பட்டியலில் இரண்டு வயதில் இருந்தால் குழம்ப வேண்டாம், வரையறை வேறு.

பட்டியலின் வேலை "யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும்" என்று சொல்வது. அடுத்த ஆறு வாரத்தில் என்ன என்பதை அது சொல்லாது. வட்டமே வராத 4 வயதுப் பிள்ளைக்குச் சதுரத்தை எழுதினால் ஆறு வாரமும் தோல்விதான். குறுக்குக்கோடும் நெடுங்கோடும் வருகிறதா என்று பின்னே போய்ப் பார்த்து அங்கிருந்து எழுத வேண்டும். மறுபுறம், ஏற்கெனவே சதுரம் போடுகிற 4 வயதுக்காரிக்குப் பட்டியலில் இருக்கிறதே என்று கூட்டல் குறியை எழுதி, முதல் நாளே எட்டியது என்று குறிப்பதும் நடக்கிறது. அதில் யாருக்கும் பயன் இல்லை.

#7 செவிப்பறை
பேச்சு-கேட்டல் பக்கமிருந்து சேர்க்கிறேன். சில விஷயங்களில் இலக்கு எழுதி ஆறு வாரம் காத்திருப்பதே தவறு. பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போவது, செய்துவந்த ஒன்றை விட்டுவிடுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாதது: அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள், செவிப் பரிசோதனையும் சேர்த்து. காதில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு "சொன்னதைக் கேட்டு நடப்பாள்" என்று இலக்கு வைப்பதில் என்ன பொருள்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் 2 வயது வரை திருத்திய வயதை எடுங்கள். 8 வாரம் முன்னே பிறந்திருந்தால் இரண்டு மாதம் கழிக்க வேண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது, ஆனால் பழைய பதிவேட்டில் "தாமதம்" என்று இருந்தால் எந்த வயதை வைத்து எழுதினார்கள் என்று பாருங்கள்.

வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி என்றால் சொற்களை இரண்டிலும் சேர்த்தே எண்ணுங்கள். புது மொழிக்குள் வந்த குழந்தை சில மாதம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அ-வின் "சமூகத் திறன்" உண்மையில் இந்த மௌனமா என்று முதலில் தெரியவேண்டும். மரப்பாச்சி, அ என்ன செய்கிறாள்?

#8 மரப்பாச்சி
மற்றவர்கள் விளையாடுவதை ஓரமாக நின்று பார்க்கிறாள். கூப்பிட்டால் நகர்ந்துவிடுகிறாள். வீட்டு மொழியும் வகுப்பு மொழியும் ஒன்றுதான். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள் என்கிறார்கள்.

#9 செவிப்பறை
அப்படியானால் நின்று பார்ப்பதைக் குறையாக எழுதாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் விளையாட்டை வகைப்படுத்தியபோதே வேடிக்கை பார்ப்பது ஒரு வகை, பக்கத்தில் இருந்து தனித்தனியே விளையாடுவது இன்னொன்று. 3 வயதில் இரண்டும் இயல்பு. அவளுடைய அடுத்த படி குழுவில் சேர்வது அல்ல, பக்கத்தில் உட்கார்வது. ஒரே மேசை, ஒரே ஒரு குழந்தை, இருவருக்கும் தனித்தனியே ஒரே மாதிரிப் பொருட்கள். இன்று அங்கே எத்தனை நிமிடம் இருக்கிறாள் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் மூன்று நிமிடம் இலக்கு.

#10 தாழ்வாரம்
சரி, பட்டியல் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கம். 22 பேர், ஆளுக்கு 15 வாய்ப்பு பேஸ்லைன், அதுவே 330. அப்புறம் வாரா வாரம் பதிவு. டீச்சர் எப்போது குழந்தையோடு விளையாடுவார்? விளையாட்டை எண்ணிக்கையாக்கிவிட்டால் எண்ணாததெல்லாம் மதிப்பிழந்துவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு.

#11 அளவுகோல்
பயம் நியாயம்தான். கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 5 குழந்தை, வாரம் 5 நாள், 25 இடம். 22 பேருக்கும் வாரம் ஒரு நாள் கிடைக்கிறது, மிச்சம் 3 இடம் வராதவர்களுக்கு. அந்த நாளில் அந்தக் குழந்தைக்கு 5 வாய்ப்பு. அப்படியென்றால் மூன்று நாள் பேஸ்லைன் மூன்று வாரத்தைத் தின்றுவிடும், அது கட்டாது. ஆகவே முழு 15 வாய்ப்பு, சிரமம் தெரிகிற ஐந்தாறு பேருக்கு மட்டும், முதல் வாரத்திலேயே. மற்றவர்களுக்கு ஒரு நாள் 5 போதும். ஆளுக்கு ஒரு இலக்கு, கூடுதல் கவனம் தேவைப்படுபவர்களுக்கு இரண்டு. மூன்றாவது இலக்கு தாளில்தான் இருக்கும்.

வாய்ப்பைத் தனியாக உருவாக்க வேண்டியதில்லை. தட்டு அடுக்கும்போது "3 எடுத்துவா" என்பது ஒரு வாய்ப்பு. செருப்பு போடுவது, கை கழுவுவது, சாமான் எடுத்துவைப்பது எல்லாம் தினம் தானாக வருகிறவை. நாளில் ஒருமுறைகூடத் தானாக வராத செயலை இலக்காக எழுதினால் அதற்கென்று தனியே உட்காரவைக்க வேண்டிவரும். அப்போது அது உண்மையிலேயே விளையாட்டைத் தின்னும்.

#12 நடுநிலைப்பள்ளம்
ஈ-யின் அடிப்பதற்கு வருகிறேன். முதலில் ஐந்து நாள், அடித்த ஒவ்வொரு முறையும் மூன்று கட்டம் நிரப்புங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், உடனே என்ன கிடைத்தது. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். பொம்மை கிடைத்ததா, இடம் கிடைத்ததா, டீச்சர் ஓடிவந்ததா? ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் செயல் வேறு. பொம்மைக்காக அடிப்பவனுக்குக் கை நீட்டி "தா" என்பது. நெரிசலில் அடிப்பவனுக்கு "தள்ளிக்கோ" என்பதோ எழுந்து போவதோ. கவனத்துக்காக என்றால் டீச்சரின் கையைத் தொடுவது.

மாற்றுச் செயல் அடியைவிட வேகமாகப் பலிக்க வேண்டும். இல்லையென்றால் அவன் ஏன் மாறவேண்டும்? முதல் இரண்டு வாரம் "தா" சொன்ன ஒவ்வொரு முறையும் உடனே கிடைக்கட்டும். அது நிலைத்தபின்தான் காத்திருப்பு, முதலில் 5 விநாடி, பிறகு 10, 30. மணல் கடிகாரம் உதவும். முதல் நாளே "கேட்டால் மட்டும் போதாது, காத்திரு" என்றால் அடி திரும்பிவரும்.

#13 வளைகோடு
"80 விழுக்காடு" என்று எல்லா இலக்கிலும் ஒட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வாய்ப்பில் 80 விழுக்காடு எப்படி வரும்? ஐந்துக்கு நான்கு என்று எழுதுங்கள். சிலவற்றுக்கு நான்கும் போதாது. வாசலில் நில் என்றால் நிற்பது பத்துக்குப் பத்து. படம் வரைவதில் ஐந்துக்கு மூன்றே தாராளம்.

எட்டியது, எட்டவில்லை என்ற இரண்டு கட்டமும் குழந்தைக்கு அநியாயம். கிரெசுக்கும் ஷெர்மனும் 1968-இல் மனநலத் துறைக்காகச் செய்த ஐந்து படி அளவுகோல் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. இ-க்குப் போட்டுப் பார்க்கிறேன்:

−2: தாளைப் பெரியவர் பிடித்தால் 2 செ.மீ. பட்டையை வெட்டுகிறாள்.
−1: தாளைத் தானே பிடித்து, 5-க்கு 2.
0: தாளைத் தானே பிடித்து, 5-க்கு 4.
+1: 4 செ.மீ. பட்டை, தொடர்ச்சியாக இரண்டு மூன்று வெட்டு, 5-க்கு 4.
+2: 8 செ.மீ. பட்டை, அப்படியே.

0 தான் எதிர்பார்ப்பு. பெரும்பாலான குழந்தைகள் +2 வாங்கினால் நீங்கள் பயந்து எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

#14 புளியங்கொட்டை
இன்றைய நிலையை −2-இல் வைத்தால் பின்னே போவதற்கு இடமில்லையே? காய்ச்சல், வீடு மாற்றம், தம்பி தங்கை பிறப்பு என்று கொஞ்ச நாள் பின்வாங்குவது சகஜம்.

#15 வளைகோடு
உண்மை. அப்படி வாய்ப்பிருக்கும் குழந்தைக்கு இன்றைய நிலையை −1-இல் வையுங்கள். இரண்டு வழக்கமும் இருக்கிறது; ஒரு குழந்தைக்குத் தொடங்கியதை நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி.

#16 மரப்பாச்சி
அளந்து பார்த்துத் திருப்பி எழுதியிருக்கிறேன்.

அ: மேசையில் ஒரு குழந்தைக்குப் பக்கத்தில், தனக்கான களிமண்ணோடு 3 நிமிடம் இருப்பாள். டீச்சர் அதே மேசையில். 5-க்கு 4. (இப்போது சுமார் 1 நிமிடம்.)
ஆ: "3 வை" என்றால் கிண்ணத்திலிருந்து 3 வைப்பான், 5-க்கு 4. (2 வரை சரி, 3 கேட்டால் சிலசமயம் 4, 5.)
இ: வளைகோடு போட்ட அளவுகோல் அப்படியே. வலக்கைதான்.
ஈ: வேண்டிய பொம்மை இன்னொருவரிடம் இருந்தால், சைகை உதவியோடு கை நீட்டி "தா" என்பான், 5-க்கு 4. (ஐந்து நாளில் 11 அடி, 9 பொம்மைக்கு. "தா" இப்போது கைபிடித்துச் செய்யவைத்தால் மட்டும்.)

#17 நடுநிலைப்பள்ளம்
முதல் மூன்றும் நன்று. ஈ-யில் ஒரு ஓட்டை: "தா" என்று கேட்டும் மற்றக் குழந்தை கொடுக்கவில்லை என்றால்? அந்தக் குழந்தைக்கும் கொடுக்காமல் இருக்க உரிமை உண்டு. முதல் இரண்டு வாரம் சண்டைக்குரிய பொம்மையில் இன்னொன்று உங்கள் பையில் இருக்கட்டும். ஈ கேட்ட நொடியில் நீங்கள் கொடுங்கள். அந்த 9 தடவையும் எந்தப் பொம்மை என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். கைபிடித்துச் செய்யவைப்பதிலிருந்து சைகைக்கு ஒரேயடியாக இறங்கவும் வேண்டாம், நடுவில் முழங்கையைத் தொட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது; அதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

#18 அளவுகோல்
அ-வுக்கு: 3 நிமிடத்தை நீங்கள் எழுந்து போவதோடு சேர்க்காதீர்கள். நேரம் கூடட்டும், டீச்சர் நகர்வது அடுத்த ஆறு வாரத்துக்கு. மூன்றாவது வாரம் நான்கையும் எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பதிவிலும் அசைவே இல்லையென்றால் இலக்கை உடனே குறைக்க வேண்டாம். பொருள், நேரம், உதவி என்ற வரிசையில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். களிமண் கையில் ஒட்டுவது பிடிக்காமல் எழுந்து போகிற குழந்தையும் உண்டு.

#19 மரப்பாச்சி
ஆமாம், கையைத் துடைத்துக்கொண்டேதான் எழுகிறாள். நாளைக்கு மரக்கட்டைகளோடு மறுபடி அளக்கிறேன்.